பார்ப்பதோடு நிற்காமல் எழுதியும் வைப்போம்

(ஹைதராபாத்தில் நடந்த நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தசரா அன்று இந்த ஊர்க்காரர்கள் ஜம்மி மரத்தை, அதாவது நம் வன்னி மரத்தை, வணங்குவார்கள். அப்படியே பாலபிட்டா கண்ணில் படுமா என்று வானத்தையும் மின்கம்பியையும் பார்ப்பார்கள். தமிழில் பனங்காடை என்கிறோமே, அந்த நீலச் சிறகுப் பறவைதான். தெலங்கானாவின் மாநிலப் பறவையும் அதுவே. அன்று அதைத் தரிசித்தால் காரிய ஜயம் என்பது ஐதீகம்.

யோசித்துப் பாருங்கள். ஓர் ஊரே ஒரே நாளில் ஒரே பறவையைத் தேடுகிறது. ஆனால் பார்த்தோமா இல்லையா என்பதை யாரும் குறித்து வைப்பதில்லை. "முன்பெல்லாம் நிறைய இருக்கும், இப்போது காணோம்" என்ற பேச்சு மட்டுமே மிஞ்சுகிறது. வெறும் பேச்சை வைத்துக்கொண்டு ஒரு மரத்தையோ ஏரியையோ காப்பாற்ற வாதாட முடியாது.

எழுதி வைத்தவர்களால் என்ன பயன் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. 1931-32-ல் பறவையியல் அறிஞர் சாலிம் அலி, நிஜாம் அரசின் ஆதரவோடு ஹைதராபாத் சமஸ்தானம் முழுவதும் சுற்றிப் பறவைகளைக் கணக்கெடுத்தார். தொண்ணூறு வருஷத்துக்கு முன் இங்கே என்ன இருந்தது என்று இன்று ஒப்பிட முடிகிறதென்றால் அந்தக் குறிப்புகள்தான் காரணம். 1980-ல் ஆந்திரப் பிரதேசப் பறவை ஆர்வலர் சங்கம் தொடங்கியது. இன்று டெக்கான் பேர்டர்ஸ் என்ற பெயரில் இயங்குகிறது. 2025-ல் நகரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஹைதராபாத் பறவை அட்லஸ் தயாரிக்கும் வேலையைத் தன்னார்வலர்கள் ஆரம்பித்திருக்கிறார்கள்.

இவர்களைப் போல நாடு முழுவதும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொடுத்த சுமார் மூன்று கோடிப் பதிவுகளிலிருந்து 2023-ல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை வந்தது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்திருக்கின்றன. நம் பாலபிட்டாவும் அந்தக் குறைந்த பட்டியலில்தான் இருக்கிறது. சம்பளம் வாங்காத சாதாரண ஜனங்கள் எழுதியதால் வெளிவந்த உண்மை இது.

பறவை அடையாளம் தெரியாதே என்று சிலர் தயங்கலாம். மரம் தெரியுமல்லவா? 2010-ல் தொடங்கிய சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் வேலை மிக எளிது. ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். தளிர், மொட்டு, பூ, காய், பழம் இவை இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று குறிக்க வேண்டும். அவ்வளவுதான். கேரளத்தில் பள்ளிக் குழந்தைகள் ஏராளமாக இதைச் செய்கிறார்கள். விஷுவுக்குப் பூக்க வேண்டிய கொன்றை பல வாரங்கள் முன்னதாகவே பூப்பது அங்கே பதிவாகியிருக்கிறது.

நம் வீடுகளில் வருஷப் பிறப்புப் பச்சடிக்கு வேப்பம்பூ வேண்டும். இவ்வூர் அன்பர்களுக்கு உகாதிப் பச்சடிக்கும் அதுவே வேண்டும். ஆனால் "இந்த வருஷம் உகாதிக்கு முன்னாலேயே பூத்துவிட்டது" என்றால் அது கணக்காகாது. உகாதி சாந்திரமானப்படி வருவதால் வருஷத்துக்கு வருஷம் தேதி நகரும். நம் சித்திரை முதல் தேதி சௌரமானம் என்பதால் ஏறக்குறைய நிலையாக இருக்கும். ஆகவே பண்டிகையைச் சொல்லாமல் ஆங்கிலத் தேதியையே எழுதுங்கள்.

இன்னொரு விஷயம். தேடியும் கிடைக்காத நாளில் "காணவில்லை" என்று எழுதுவதும் தகவல்தான். தசராவில் பாலபிட்டா தென்படாவிட்டால் எங்கே, எவ்வளவு நேரம் தேடினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கூண்டில் பிடித்து வந்து காட்டிக் காசு கேட்பவர்களை மட்டும் தயவுசெய்து ஆதரிக்க வேண்டாம். அது சட்டப்படி குற்றம். பறவைக்கும் பெரும் துன்பம்.

நம் அங்கத்தினர்களில் ஓய்வு பெற்றவர்கள் அதிகம். கணக்கு வழக்கு எழுதியே வாழ்நாளைக் கழித்தவர்கள். தேதி போட்டு எழுதும் ஒழுங்கு உங்களுக்குப் புதிதல்ல. காலை நடையில் தினமும் கடக்கும் ஒரு வேம்பையோ புங்கையோ கொன்றையையோ தத்து எடுத்துக்கொள்ளுங்கள். பேரன் பேத்தியையும் கூட அழைத்துச் செல்லுங்கள். ஒரு வருஷக் குறிப்பால் பெரிதாக ஒன்றும் தெரியாது. பத்து வருஷக் குறிப்பு சேர்ந்தால் அது சாட்சியாகிவிடும். நாம் நிறுத்தும் இடத்திலிருந்து அந்தக் குழந்தைகள் தொடர்வார்கள்.