தவணை தப்பிய பணமும் பிறர் சுமக்கும் வட்டியும்

(பண்ருட்டி – திருவதிகை வட்டாரத்தில் ஆற்றிய ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

அல்ஹம்து லில்லாஹ்! அனைத்துப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனுடைய அருளும் சாந்தியும் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றி வாழும் நல்லடியார்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

கெடிலம் ஆற்றங்கரையில் திருவதிகையிலும், அதனை ஒட்டிய பண்ருட்டியிலும், சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வாழும் நமக்கு முந்திரியும் பலாவும் வெறும் தின்பண்டங்கள் அல்ல. நம் வீட்டு அடுப்பு எரிவதும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் செலுத்தப்படுவதும், பெண் மக்களின் நிக்காஹ் நடப்பதும் பெரும்பாலும் இவற்றைக் கொண்டுதான். ஆகவே, இன்றைய ஜும்ஆவில் நம் கைகளில் அன்றாடம் புழங்கும் இந்தத் தொழிலைப் பற்றியே சிந்திக்க விரும்புகிறேன்.

நோன்புப் பெருநாளன்று நம் வீட்டுப் பாயசத்தில் மிதக்கும் ஒரு முந்திரிப் பருப்பை எண்ணிப் பாருங்கள். அது எத்தனை கைகளைக் கடந்து வந்திருக்கிறது! தோப்புக்காரர், தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர், கொட்டை பொறுக்கியவர், மண்டிக்காரர், தரகர், லாரிக்காரர் என்று தொடங்குகிறது அந்த வரிசை. உள்ளூர் விளைச்சல் போதாத காரணத்தால் ஐவரி கோஸ்ட், கானா, பெனின், தான்சானியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் கொட்டை கப்பலில் வருகிறது. பின்னர் அதனைக் காயவைத்து, வறுத்து அல்லது அவித்து, ஓட்டை உடைத்து, பருப்பை உலர்த்தி, தோலுரித்து, தரம் பிரித்து, டின்னில் அடைக்கிறார்கள். அதன் பிறகும் மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் என்று பலரைக் கடந்தே நம் சமையலறைக்கு அது வந்து சேருகிறது.

இத்தனை பேரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆயினும் ஒருவருடைய வாக்கை நம்பி அடுத்தவர் வாழ்கிறார். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் அதன் அதிர்ச்சி கடைசிக் கண்ணி வரை சென்று சேருகிறது.

கூட்டு வாணிபம் ஓர் அமானிதம்

சகோதரர்களே! இஸ்லாம் வாணிபத்தை உலகக் காரியம் என்று ஒதுக்கி வைக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் நுபுவ்வத்திற்கு முன்பு அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்குகளை ஷாம் நாட்டிற்கு எடுத்துச் சென்று வணிகம் செய்தார்கள். ஒருவருடைய முதலும் மற்றவருடைய உழைப்பும் சேரும் இந்த முறையை ஃபிக்ஹு நூல்கள் முளாரபா என்று குறிப்பிடுகின்றன. ஸாயிப் (ரலி) என்ற தோழர், நபியவர்கள் முற்காலத்தில் தமக்குக் கூட்டாளியாக இருந்ததை நினைவுகூர்ந்து, அவர்கள் வீண் தர்க்கம் செய்யாத மிகச் சிறந்த கூட்டாளி என்று புகழ்ந்ததாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம்.

ஹிஜ்ரத் செய்து வந்த முஹாஜிர்களுக்குத் தங்கள் பேரீச்சந் தோப்புகளைப் பங்கிட்டுத் தர அன்ஸாரிகள் முன்வந்தார்கள். நபியவர்கள் அதனை ஏற்கவில்லை. முஹாஜிர்கள் தோப்பில் உழைப்பது, விளைச்சலில் இரு சாராரும் பங்கு பெறுவது என்ற ஏற்பாட்டையே ஒப்புக்கொண்டார்கள். இலவசத்தைவிட நேர்மையான கூட்டுக்கு அங்கே முதலிடம் கிடைத்தது.

இரு கூட்டாளிகளில் ஒருவர் மற்றவருக்கு மோசடி செய்யாதிருக்கும் வரை அல்லாஹ் அவர்களுடன் மூன்றாமவனாக இருக்கிறான் என்றும், மோசடி புகுந்தால் அவன் விலகிக்கொள்கிறான் என்றும் அபூதாவூதில் வரும் ஹதீஸின் கருத்து அறிவிக்கிறது. நம் கூட்டு வாணிபத்தில் மூன்றாமவன் இருக்கிறானா, விலகிவிட்டானா? இந்தக் கேள்வியை நம் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.

ஈரத்தை மேலே வையுங்கள்

மதீனாவின் கடைத்தெருவில் நபியவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று கடைக்காரர் காரணம் சொன்னார். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள்.

முந்திரித் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த ஹதீஸை விளக்கத் தேவையில்லை. ஈரக் கொட்டை எடை கூடும். மூட்டைக்குள் பூஞ்சை பிடிக்கும். உடைத்த பிறகுதான் பருப்பின் கேடு தெரியும். எண்பது கிலோ மூட்டை ஒன்றிலிருந்து எத்தனை பவுண்டு நல்ல பருப்பு கிடைக்கும் என்பதை வைத்தே உலகச் சந்தையில் கொட்டைக்கு விலை பேசுகிறார்கள். ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு என்பதை வைத்தே 180, 210, 240, 320 என்று தரத்திற்கு எண் கொடுக்கிறார்கள். 240 என்று எழுதிய டின்னுக்குள் 320 கலந்தால் அதற்குப் பெயர் வியாபாரத் திறமை அன்று. அது அளவில் குறைப்பதாகும். அத்தகையோரைக் கண்டிப்பதற்கென்றே முதஃப்ஃபிஃபீன் அத்தியாயம் குர்ஆனில் இருக்கிறது.

உண்மை பேசிக் குறையை விளக்கினால் வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் பரக்கத் உண்டு. மறைத்தால் பரக்கத் அழிந்துவிடும் என்பது நபிமொழி. மறைத்த ஈரம் ஒரு கடையோடு நிற்பதில்லை. அது டின்னோடு பயணம் செய்து, நாம் காணாத ஒரு வீட்டின் பாயசம் வரை போகிறது.

எழுதி வைப்பது அவநம்பிக்கை அன்று

குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகிய அது, தவணைக் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் தவணையோடு எழுதச் சலிப்படைய வேண்டாம் என்று அல்லாஹு தஆலா அதிலே கற்பிக்கிறான். சாட்சிகளையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறான்.

நாமோ, “மச்சானிடம் போய் எழுத்து கேட்பதா?” என்று கூச்சப்படுகிறோம். மச்சான் மவுத்தாகிவிட்டால் என்ன செய்வது? கணக்கு அவர் நெஞ்சோடு கபுருக்குள் போய்விடுகிறது. இத்தா இருக்கும் அவருடைய மனைவியிடம் போய் நின்று எதைக் கேட்பது? அந்தச் சகோதரிதான் தம் கணவருக்கு வரவேண்டியதை யாரிடம் போய்க் கேட்பார்? எழுத்து இல்லாத கூட்டு, உயிரோடு இருக்கும்வரை பாசமாகத் தெரியும். மறுநாள் அதுவே குடும்பப் பகையாகிவிடும்.

நாட்டின் சட்டமும் இதையே வலியுறுத்துகிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு தொழில் செய்வோரிடம் சரக்கை ஏற்றுக்கொண்டவர், எழுத்து ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களைத் தாண்டக்கூடாது என்கிறது. தாண்டினால் கூட்டு வட்டியும் விதிக்கிறது.

யாருடைய வட்டி?

சகோதரர்களே! இன்றைய உரையின் மையத்திற்கு வந்துவிட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சமாதானப் பேச்சில் அமர நேர்ந்தது. ஊரும் பேரும் வேண்டாம். முந்திரிப் பருப்பு அனுப்பியவர் ஒரு பக்கம். வாங்கிய வியாபாரி மறுபக்கம். இருவரும் ஐவேளைத் தொழுகையாளிகள். முப்பது நாள் தவணை என்பது பேச்சு. ஐந்து மாதங்கள் ஓடிவிட்டன. வியாபாரியிடம் பணம் இல்லாமல் இல்லை. அதே மாதங்களில் மற்ற எல்லோருக்கும் அவர் பணம் கொடுத்திருக்கிறார். “ஏன் இவருக்கு மட்டும் கொடுக்கவில்லை?” என்று கேட்டோம். அவர் உண்மையையே சொன்னார்: “மற்றவர்கள் தாமதித்தால் வட்டி போடுவார்கள். இவர் ஹராமுக்குப் பயந்தவர், வட்டி கேட்கமாட்டார். நம்மவர்தானே, பொறுத்துக்கொள்வார் என்று நினைத்தேன்.”

ஸுப்ஹானல்லாஹ்! ஒரு முஸ்லிமின் இறையச்சமே அவருக்குப் பணம் கடைசியில் வருவதற்குக் காரணமாகிவிட்டது.

பேச்சு அத்தோடு நிற்கவில்லை. பணம் வராததால், அனுப்பியவர் தம் கூடத்தில் கொட்டை உடைக்கும் பெண்களின் கூலியை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார். முந்திரி ஓட்டின் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் தன்மையுடையது. கையில் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டு உடைக்கும் பெண்கள் அவர்கள். பள்ளி திறக்கும் மாதம் வந்தது. அவர்கள் கந்துவட்டிக்காரரிடம் போனார்கள்.

இப்போது சிந்தியுங்கள்! வியாபாரி வட்டி கொடுக்கவில்லை, சந்தோஷப்பட்டார். பருப்பு அனுப்பியவர் வட்டி வாங்கவில்லை; நிம்மதி அடைந்தார். ஆனால் வட்டி மறைந்துவிட்டதா? இல்லை! அது கீழே இறங்கி, இருவரைவிடவும் ஏழையான ஒரு பெண்ணின் தலையில் அமர்ந்துகொண்டது. தவணை தப்பிய பணம் என்பது, கேட்காமல் எடுத்த கடன். அந்தக் கடனுக்கு யாரோ ஒருவர் எங்கோ வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். நாம் விலகி நிற்பதாக எண்ணிய ஹராமை, நம் தாமதம் பிறர் வீட்டிற்குள் அனுப்பிவைக்கிறது.

வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநீதி என்று நபியவர்கள் அறிவித்தார்கள். உழைப்பாளியின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு தோழரின் ஜனாஸா வந்தபோது, அவர் மீது மூன்று தீனார் கடன் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, தாம் தொழுவிக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனுக்குப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்தார்கள். மூன்று தீனாருக்கே இந்த நிலையென்றால், லோடு கணக்கில் சரக்கை வாங்கிவிட்டுத் தொலைபேசியை எடுக்காமல் இருப்பவர்களின் நிலை என்ன?

அல்ஹம்து லில்லாஹ், அன்று அந்த வியாபாரி கண் கலங்கினார். அவ்வாரமே பாக்கியைத் தீர்த்தார். பருப்பு அனுப்பியவரும் அன்றைய தினமே கூலியைப் பட்டுவாடா செய்தார். ஆனால் அந்தப் பெண்கள் கட்டிய வட்டியை யார் திருப்பிக் கொடுத்தார்கள்? அந்தக் கேள்விக்கு எங்கள் சபையில் பதில் இருக்கவில்லை.

புயல் வந்தால்?

இழுத்தடிப்பவர் வேறு, உண்மையில் நொடித்தவர் வேறு. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலை நாம் மறக்க முடியுமா? தலைமுறைகளாக நின்ற பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் ஓர் இரவில் வேரோடு சாய்ந்தன. 2020இல் ஊரடங்கு வந்தது சரியாக முந்திரி, பலா பருவத்தில். காய்த்தது மரத்தில் இருந்தது. வாங்க லாரி வரவில்லை.

இத்தகைய வேளையில், சிரமத்தில் இருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் ஏவுகிறது. கனி பக்குவமாவது தெரிவதற்கு முன் அதனை விற்பதை நபியவர்கள் தடுத்தார்கள். அல்லாஹ் அந்தக் கனியைத் தடுத்துவிட்டால், எதற்கு ஈடாக உன் சகோதரனின் பொருளை எடுத்துக்கொள்வாய் என்ற கருத்தில் கேட்டார்கள். பூ விடும் முன்பே தோப்பைக் குத்தகை பேசும் நாம் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். சட்ட விவரங்களில் இமாம்களிடையே விளக்க வேறுபாடு உண்டு. உங்கள் ஆலிமிடம் அமர்ந்து கேட்டு, ஒப்பந்தத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் நொடித்தவர் ஒளிந்துகொள்ளக் கூடாது. முன்கூட்டியே சென்று, நிலைமையைச் சொல்லி, புதிய தவணையை எழுதித் தர வேண்டும். அவகாசம் கேட்பது குற்றமன்று. காத்திருக்க வைத்து மவுனம் காப்பதே குற்றம்.

இன்று அஸருக்குப் பின்

அன்பர்களே! இப்பகுதிக் கடற்கரையின் பரங்கிப்பேட்டையிலிருந்து நம் முன்னோர்களான மரக்காயர்கள் மலாக்கா, கெடா, ஆச்சே என்று துணி ஏற்றிச் சென்றார்கள். நெசவாளரும் தரகரும் கப்பல்காரரும் கடல் கடந்த வியாபாரியும் மாதக்கணக்கில் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே கொடுத்து வாங்கினார்கள். வாக்குதான் அவர்களின் முதல்.

அந்த முதலை நாமும் சேர்க்க, இன்று அஸர் தொழுதுவிட்டு மூன்று காரியங்கள் செய்யுங்கள். ஒன்று: கொடுக்க வேண்டிய பாக்கிகளை ஒரு தாளில் எழுதுங்கள், அதில் யார் வட்டி கேட்காதவரோ, யார் நம்மைவிட எளியவரோ அவர் பெயரை முதலில் எழுதுங்கள். இரண்டு: வாய்வார்த்தையாக இருக்கும் கூட்டுகளுக்கு, முதல் யாருடையது, உழைப்பு யாருடையது, லாபப் பங்கு எவ்வளவு, நட்டம் வந்தால் எப்படி என்று எழுதி இரு சாட்சிகளின் கையொப்பம் வாங்குங்கள். மூன்று: அந்தக் கணக்குப் புத்தகம் எங்கே இருக்கிறது என்பதை இன்றிரவே உங்கள் மனைவியிடமும் வளர்ந்த பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் வாணிபங்களில் பரக்கத் செய்வாயாக! எங்கள் தாமதத்தால் எவர் வீட்டிலும் வட்டி நுழையாதபடி எங்களைப் பாதுகாப்பாயாக! பிறர் உரிமையைச் சுமந்தவர்களாக எங்களைக் கபுருக்குள் அனுப்பிவிடாதே! எங்கள் கூட்டாளிகளுக்கிடையே மூன்றாமவனாக என்றும் இருந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!