கொள்ளைநோய்க் காலத்தில் வரியும் கணக்கும்

(சங்க மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



கொள்ளைநோய்க் காலத்தில் வரி, கடன், கணக்கு ஆகிய விஷயங்களில் வியாபாரிகளும் தர்ம ஸ்தாபன நிர்வாகிகளும் நடந்துகொள்ள வேண்டிய முறையைப் பற்றிப் பேசும்படி காரியதரிசியவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நோய் தணிந்த பிறகு இப்பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். வெள்ளம் வடிந்த பின்னர்தான் கரையின் உடைப்பு கண்ணுக்குத் தெரியும். அதை அடைப்பதற்கும் அதுவே தக்க சமயம்.

2020-ம் வருஷம் மார்ச்சு 25-ந் தேதி தேசமெங்கும் ஊரடங்கு அமலுக்கு வந்தது. விருதுநகரில் பருப்பு, எண்ணெய், வற்றல் ஆகியவை உணவுப் பண்டங்களானபடியால் அவற்றின் வியாபாரம் ஒருவாறு நடந்துவந்தது. சிவகாசியின் நிலைமையோ வேறு. பட்டாசு வருஷமெல்லாம் செய்யப்பட்டு ஒரே தீபாவளியில் விலையாக வேண்டிய சரக்கு. அதுவரையில் முதலெல்லாம் கூலியிலும் மருந்திலும் காகிதத்திலும் முடங்கிக் கிடக்கும். அவ்வருஷத் தீபாவளி நவம்பர் 14-ந் தேதி. அதற்குச் சில நாட்களே இருக்கையில் ராஜஸ்தான், டில்லி, மேற்கு வங்காளம், ஒடிசா முதலிய இடங்களில் பட்டாசு தடுக்கப்பட்டது. நவம்பர் 9-ந் தேதி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டில்லி வட்டாரம் முழுவதற்கும் மாதக் கடைசி வரையில் தடை விதித்தது. கடனுக்கு அனுப்பிய சரக்கு வடநாட்டுக் கிடங்குகளில் தங்கிற்று. தீப்பெட்டித் தொழிலுக்கும் வேறொரு சங்கடம் நேர்ந்தது. கைத்தீப்பெட்டிக்கு 5 சதவிகிதமும் மற்றவற்றிற்கு 18 சதவிகிதமுமாக இருந்த வரி, ஊரடங்கு தொடங்கிய ஒரு வாரத்திற்குள், ஏப்ரல் 1-ந் தேதி முதல், எல்லாவற்றிற்கும் 12 சதவிகிதமாயிற்று.

இக்கஷ்ட காலத்தில் சர்க்கார் பல சலுகைகளை அளித்தது உண்மை. ஆயினும் அவற்றின் தன்மையை நம்மவரில் பலர் சரியாக அறியவில்லை. தள்ளிவைத்தல் வேறு, தள்ளுபடி வேறு. இந்த ஒரு பேதத்தை உங்கள் மனத்தில் பதியச் செய்வதே என் நோக்கம்.

முதலாவது, சரக்கு சேவை வரி. வருஷ விற்பனை 5 கோடி ரூபாய்க்கு உட்பட்டவர்கள் பிப்ரவரி, மார்ச்சு, ஏப்ரல் மாதங்களின் வரியைக் குறித்த கெடுவுக்குள் கட்டினால் வட்டியில்லை. கெடு தாண்டினால் செப்டம்பர் 30-ந் தேதி வரையில் 18-க்குப் பதிலாக 9 சதவிகித வட்டி. தாமதக் கட்டணமும் நீக்கப்பட்டது. ஆனால் வரித்தொகையில் ஒரு காசும் குறையவில்லை. பட்டாசின் வரி அப்போது 18 சதவிகிதம். லட்ச ரூபாய்ச் சரக்கு விற்றவன் வாங்கிய 18,000 ரூபாய் அவனுடைய பணமன்று. அதைச் சொந்த முதலாக எண்ணிச் செலவிட்டவன், கெடு வந்தபோது வட்டிக்கு வாங்கி வரி கட்டினான். கடனுக்கு விற்றாலும் பட்டியல் போட்ட மாத்திரத்தில் வரிப் பொறுப்பு வந்துவிடும் என்பதையும் மறக்கலாகாது. சரக்கு திரும்பி வந்தால் உரிய வரவுக் குறிப்பு எழுதிக் கணக்கில் சேர்க்க வேண்டும். அதற்கும் காலவரை உண்டு. வாய்வார்த்தையாகக் கழித்துக்கொண்டால் கட்டிய வரி திரும்பாது.

இரண்டாவது, பாங்கிக் கடன். 2020 மார்ச்சு முதல் ஆகஸ்டு வரையில் ஆறு மாதத் தவணைகளைத் தள்ளிவைக்க ரிசர்வ் பாங்கு அனுமதித்தது. 12 சதவிகித வட்டியில் 10 லட்சம் கடன் உள்ளவரை எடுத்துக்கொள்வோம். ஆறு மாத வட்டி 60,000 ரூபாய். அது மாதந்தோறும் முதலோடு சேர்ந்தால் வட்டிக்கு வட்டி சுமார் 1,520 ரூபாய். உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சு 23-ந் தேதி தீர்ப்பில் இந்த வட்டிக்கு வட்டியை மட்டுமே விலக்கிற்று. வட்டி முழுவதையும் தள்ள மறுத்துவிட்டது. 1,520 போயிற்று, 60,000 நின்றது. ஆகவே கையில் ரொக்கம் இருந்தும் தவணையை நிறுத்தியவர் லாபமடைந்தாரில்லை. ரொக்கம் இல்லாதவருக்கே அது உதவியாயிற்று.

மூன்றாவது, உத்தரவாதக் கடன். 2020 மே மாதத்தில் மத்திய சர்க்கார் 3 லட்சம் கோடி ரூபாய்க்கு ஈடு கேளாத கடன் திட்டம் வகுத்தது. அவ்வருஷம் பிப்ரவரி 29-ந் தேதி நின்ற கடன் பாக்கியில் 20 சதவிகிதம் மேற்கொண்டு கிடைத்தது. இங்கே கவனியுங்கள்: உதவியின் அளவை நிர்ணயித்தது நோய் வருமுன் இருந்த கணக்கு. பாங்கியில் ஒழுங்காகப் பற்று வரவு வைத்தவர் பெற்றார். துண்டுச் சீட்டிலும் கைமாற்றிலும் காலங்கழித்தவர், நஷ்டம் பெரிதாயினும், பெற வழியில்லை.

இனி, தர்ம ஸ்தாபனங்கள். மகமையின் பெருமையை நமக்குப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. காமராஜ் பயின்ற விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலை வீடுதோறும் தண்டிய பிடி அரிசியால் வளர்ந்ததன்றோ? வடநாட்டில் மகமையைப் போன்றே பட்டியலில் தர்மத்திற்கென்று தனியே வாங்கிய தொகை வியாபாரியின் வருமானமாகாது என்று உச்ச நீதிமன்றம் 1978-ல் பிஜிலி காட்டன் மில் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆரம்பத்திலேயே தர்மத்திற்கென்று கட்டுப்பட்ட பணம் என்பதே காரணம். ஆகையால் மகமையைக் கடைப் பணத்தோடு கலப்பவர், தர்மத்திற்கும் தமக்கும் சேர்த்துத் தீங்கு தேடுகிறார்.

நோய்க் காலத்தில் பல ஸ்தாபனங்கள் அரிசியும் மருந்தும் வழங்கின. நற்செயலே, ஆயினும் கல்விக்கென்று எழுதிய தர்மப் பத்திரம் அதற்கு இடந்தருகிறதா என்று முதலில் பார்த்துத் தீர்மானம் எழுதிக்கொள்ள வேண்டும். காலவரையின்றி இருந்த வருமான வரிப் பதிவும் அச்சமயத்தில்தான் ஐந்து வருஷமாக்கப்பட்டது. 2020 ஜூனில் வரவிருந்த அம்முறை அக்டோபருக்கும், பின்பு 2021 ஏப்ரலுக்கும் தள்ளிவைக்கப்பட்டது. சிறு ஸ்தாபனங்களுக்கு 2025-ல் பத்து வருஷமாக நீட்டிக்கப்பட்டபோதிலும், புதுப்பிக்கும் கடமை நீங்கவில்லை. நிர்வாகிகள் தங்கள் பதிவு முடியும் தேதியை நடவடிக்கைப் புத்தகத்தின் முதற் பக்கத்திலேயே எழுதிவைப்பது நலம்.

அன்பர்களே! ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பெரியோர் வாக்கு. வரிப்பணத்திற்குத் தனிக் கணக்கு; மகமைக்குத் தனிக் கணக்கு; தீபாவளி லாபத்தில் ஒரு பங்கு அடுத்த வருஷக் கூலிக்கென்று தனி இருப்பு. இம்மூன்றையும் இந்த மாதமே தொடங்குங்கள். தொழிற்சாலையின் கதவு அடைபட்டால் முதலில் பசிப்பது கூலியாளின் வீடு என்பதை முதலாளிகள் நினைவில் கொள்ள வேண்டும். நோயும் தடையும் நம்மைக் கேட்டு வருவதில்லை. ஆனால் அவை வரும் நாளில் பேரேடு எந்நிலையில் இருக்கும் என்பது நம் கையில் இருக்கிறது.