ஆற்றங்கரை ஊரார் சொத்து

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரு பட்டணத்தின் நடுவே அமைந்துள்ள பூங்காவைப் பற்றி இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறோம். பட்டணத்தார் மாலை வேளையில் உலாவுவதற்கும் அவர்களுடைய பிள்ளைகள் ஓடி விளையாடுவதற்கும் ஏற்பட்ட இடத்தைப் பற்றி, நடவு வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கும் நம் உழவர்களிடம் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவதில் தவறில்லை. ஆனால் நாம் சொல்லப்போகும் பூங்கா ஓர் ஆற்றின் படுகையில் எழுந்தது. அந்த ஆறு நூற்றாண்டுகளாக வயல்களுக்குப் பாய்ந்துவந்த ஆறு. அதன் வரலாற்றில் உழவருக்குப் பெருமையும் உண்டு, இழப்பும் உண்டு. இரண்டையும் அறிந்துகொள்வது நமக்கு நலம்.

உழவர்களின் ஆறு

ஸ்பெயின் தேசத்தின் கீழ்க்கரையில், மத்தியதரைக் கடலை ஒட்டி வலென்சியா என்னும் நகரம் இருக்கிறது. அதைச் சுற்றிலும் நெல்லும் ஆரஞ்சும் காய்கறிகளும் விளையும் பூமி. அப்பூமிக்கு நீர் கொடுத்தது தூரியா ஆறு. ஆற்றின் இரு கரைகளிலிருந்தும் எட்டு வாய்க்கால்கள் பிரிகின்றன. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் அதன் பாசனதாரர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். அவர் உழவராகவே இருக்கவேண்டும். இந்த எண்மரும் வியாழக்கிழமைதோறும் நண்பகலில் நகரத்துப் பெரிய தேவாலயத்தின் வாயிலில் கறுப்பு மேலங்கி அணிந்து கூடுகின்றனர். முறைதவறி மடை திறந்தவர், தண்ணீரை வீணாக்கியவர், வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டவர் ஆகியோர்மேல் வரும் வழக்குகளை அங்கேயே கேட்டு அங்கேயே தீர்ப்புச் சொல்கின்றனர். எந்த வாய்க்காலைச் சேர்ந்தவர்மேல் வழக்கோ, அந்த வாய்க்காலின் பிரதிநிதி தீர்ப்பில் கலந்துகொள்வதில்லை. வாதம் முழுவதும் வாய்மொழியாகவே நடக்கும். 2009-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இந்த நீர்ப் பஞ்சாயத்தை உலகம் போற்றிக் காக்கவேண்டிய மரபுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. ஆற்று நீரை ஊரார் கூடி ஆளும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதற்காகவே இதை முதலிற் கூறினோம்.

1957-ஆம் ஆண்டு வெள்ளம்

உயிர் கொடுத்த அதே ஆறு 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி நகரத்துக்குள் புகுந்தது. ஒரே நாளில் இரண்டு முறை வெள்ளம் வந்தது. இரண்டாவது வெள்ளமே பெரியது. அது வினாடிக்கு 3,700 கன மீட்டர், அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய 1,30,000 கன அடி என்று மதிப்பிட்டுள்ளனர். குறைந்தது 81 பேர் மாண்டனர். தெருக்களில் சேறு ஆளுயரம் நின்ற இடங்களும் உண்டு.

இனி இத்தகைய துயரம் நேரலாகாது என்று கருதிய ஸ்பெயின் அரசாங்கம், ஆற்றையே நகரத்துக்குத் தெற்கே திருப்பிவிடுவதென 1958-இல் முடிவு செய்தது. அதற்குத் தெற்குத் திட்டம் என்று பெயர். ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளத்திற்கு அகன்ற புதுக்கால்வாய் ஒன்று வெட்டப்பட்டது. வினாடிக்கு 5,000 கன மீட்டர் வெள்ளத்தைத் தாங்கும்படி அதை அமைத்தனர். வலென்சியாவிலிருந்து அனுப்பும் கடிதங்களில் வழக்கமான தபால்தலையுடன் 25 சென்டிமோ மதிப்புள்ள தனித்தலை ஒன்றும் 1963 முதல் ஒட்டவேண்டியதாயிற்று. ஊராரும் இவ்வாறு செலவில் பங்கு கொண்டனர். 1969-இல் ஆறு புதுக்கால்வாய்க்குத் திருப்பப்பட்டது. நகரத்தின் நடுவே பழைய படுகை வறண்டு கிடந்தது.

வறண்ட படுகை யாருக்கு?

நாம் கருத்தூன்றிக் கவனிக்கவேண்டிய கட்டம் இதுவே. பட்டணத்தின் நடுவில் பல கிலோமீட்டர் நீளமுள்ள வெற்றுநிலம் கிடக்கிறது, தண்ணீரும் வராது. அத்தகைய நிலத்தின்மேல் பலருடைய கண்ணும் விழுவது இயல்பு. அந்நாளைய அதிகாரிகள் அதில் விரைவு நெடுஞ்சாலை போடத் திட்டமிட்டனர். தலைநகரிலிருந்து வரும் வாகனங்கள் துறைமுகத்துக்கு நேரே செல்ல அது வசதியாயிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. அக்கணக்கிலும் நியாயம் இல்லாமலில்லை.

ஆனால் 1970-களின் தொடக்கத்தில் நகரமக்கள் வேறு கணக்குப் போட்டனர். ஆறு போனாலும் அதன் படுகை எங்களுடையது. அது பசுமையாக இருக்கவேண்டும் என்று முழங்கினர். குடியிருப்போர் சங்கங்கள் கூட்டம் போட்டன. பத்திரிகை ஆதரவு தந்தது. சர்வாதிகார ஆட்சி நடந்த காலம் அது. எதிர்ப்புச் சொல்வது எளிதான காரியமன்று. எனினும் மக்கள் தளரவில்லை. 1976-இல் அரசு அந்தப் படுகையை நகரசபைக்கு விட்டுக்கொடுத்தது. 1979-இல் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த நகரசபை அமைந்தது. படுகை பசுமை நிலம் என்று விதி செய்யப்பட்டது. கட்டடக்கலைஞர் ரிக்கார்தோ போஃபிலிடம் 1982-இல் திட்டம் வரையும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. 1986-இல் பூங்காவின் பகுதிகள் மக்களுக்குத் திறக்கப்பட்டன.

பூங்கா வேலை ஒரேயடியாக முடிந்துவிடவில்லை. கைக்குப் பணம் வந்தபோதெல்லாம் ஒவ்வொரு பகுதியாகச் செய்தனர். ஓரிடத்தில் ஆரஞ்சுத் தோப்பு. ஓரிடத்தில் பேரீச்சை வரிசை. வேறோரிடத்தில் பைன் மரச்சோலை. நடுநடுவே பந்தாட்டத் திடல்களும் குழந்தைகள் ஏறிச் சறுக்கும் இடங்களும். படுகை தெருமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. பழைய கற்பாலங்களும் புதிய பாலங்களும் தலைக்குமேலே செல்கின்றன. ஆதலால் ஒரு முனையில் நடக்கத் தொடங்குபவர் ஏறக்குறைய 9 கிலோமீட்டர் தூரமும் ஒரு வண்டித்தடத்தையும் குறுக்கிடாமல் நடக்கலாம். முதியவர் நடக்கின்றனர், சிறுவர் சைக்கிள் ஓட்டுகின்றனர், நுழைவுக்கட்டணம் இல்லை. நெடுஞ்சாலை போட்டிருந்தால் அந்நிலம் வண்டி வைத்திருப்பவர்க்கு மட்டுமே பயன்பட்டிருக்கும். பூங்காவானபடியால் கால் உள்ள அனைவர்க்கும் பயன்படுகிறது. வலென்சியா நகரம் 2024-ஆம் ஆண்டுக்குரிய ஐரோப்பியப் பசுமைத் தலைநகரம் என்னும் பட்டத்தையும் பெற்றது.

விலை கொடுத்தவர் யார்?

இத்துடன் நிறுத்திக்கொண்டால் கதையின் பாதியைத்தான் சொன்னவர்களாவோம். புதுக்கால்வாய் வெற்றிடத்தில் வெட்டப்படவில்லை. நகரத்துக்குத் தெற்கே இருந்த செழிப்பான தோட்டப் பூமியைப் பிளந்துகொண்டு அது சென்றது. உழவர்களின் வயல்களும் வீடுகளும் கையகப்படுத்தப்பட்டன. தலைமுறை தலைமுறையாக உழுத நிலம் போனவர்க்கு நகரத்துப் பூங்காவின் நிழல் எவ்வகையில் ஈடாகும்?

அதனினும் பெரிய சோதனை 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி வந்தது. பட்டம் பெற்ற அதே ஆண்டு. அன்று உள்நாட்டுப் பகுதியிலுள்ள துரீஸ் என்னும் ஊரில் ஒரே நாளில் 770 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. புதுக்கால்வாய் தன் கடமையைச் செய்தது. நகரத்தின் நடுப்பகுதியில் வெள்ளம் நுழையவில்லை. ஆனால் கால்வாய்க்குத் தெற்கே போயோ என்னும் காட்டோடை ஒன்று உண்டு. பெரும்பாலான நாட்களில் அதில் நீர் இருப்பதில்லை. 1957-க்குப் பின்னர் அவ்வோடையை ஒட்டிய ஊர்களில் வீடுகளும் தொழிற்கூடங்களும் நெருங்கிப் பெருகியிருந்தன. ஓடையைச் சீர்படுத்தும் வேலைகள் திட்ட அளவிலேயே நின்றிருந்தன. பைபோர்த்தா போன்ற ஊர்களில் அன்று மழை பெரிதாகப் பெய்யவில்லை. மேட்டுப்பகுதியில் பெய்த மழைநீர் ஓடை வழியே வந்து தெருக்களில் பாய்ந்தது. அபாய அறிவிப்பு மக்களின் கைபேசிகளுக்கு இரவு 8 மணி 11 நிமிடத்துக்குத்தான் வந்தது. அதற்குள் பலர் வெள்ளத்தில் சிக்கியிருந்தனர். வலென்சியா மாகாணத்தில் 220-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

மறுநாள் முதல் ஆயிரக்கணக்கான நகரவாசிகள் துடைப்பமும் மண்வெட்டியும் தண்ணீர்ப் புட்டியும் தோளில் சுமந்து, புதுக்கால்வாயின்மேல் உள்ள நடைபாலத்தைக் கடந்து, அந்த ஊர்களுக்குச் சேறு அள்ளச் சென்றனர். அப்பாலத்தை இன்று ஒற்றுமைப் பாலம் என்கின்றனர். வெள்ளம் வராத கரையிலிருந்து வெள்ளம் வந்த கரைக்கு நடந்தவர்களின் அன்பு போற்றத்தக்கதே. ஆனால் ஒரு கரையைக் காக்கும்போதே மறுகரையின் ஓடையையும் கவனித்திருந்தால் எத்தனை உயிர்கள் பிழைத்திருக்கும் என்னும் கேள்வியிலிருந்து நாம் தப்பமுடியாது.

ஆற்றை அகற்றாமலே செய்யும் வழி

ஆற்றை அப்புறப்படுத்தித்தான் பூங்கா அமைக்கவேண்டும் என்பதில்லை. ஜெர்மனியிலுள்ள மியூனிக் நகரில் ஈசர் என்னும் ஆறு பாய்கிறது. முன்னோர்கள் அதை நேர்க்கோடாக்கிக் கல்கரைகளுக்குள் அடைத்திருந்தனர். 2000 முதல் 2011 வரை அந்நகரசபையும் மாநில அரசும் சேர்ந்து 8 கிலோமீட்டர் நீளத்திற்குக் கல்கரைகளை எடுத்தன, படுகையை அகலமாக்கின, கரையைச் சரிவாக்கிக் கூழாங்கல்லும் புல்லும் நிரம்பவிட்டன. வெள்ளம் வந்தால் பரவி நிற்க இடம் உண்டு. வெள்ளம் இல்லாத நாளில் மக்கள் அங்கே குளிக்கின்றனர், உட்கார்ந்து இளைப்பாறுகின்றனர். ஒரே நிலம் ஆற்றுக்கும் மனிதர்க்கும் முறைவைத்துப் பயன்படுகிறது. முறைப்பாசனம் அறிந்த உங்களுக்கு இது விளங்காத செய்தியன்று.

நாம் செய்யத்தக்கவை

1957-இல் வலென்சியா கண்டதைப் போன்றதொரு துயரத்தை 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் நம் சென்னை மாநகரம் கண்டது. அன்று கரைபுரண்ட அடையாறு எங்கே தோன்றுகிறது? மேற்கேயுள்ள கிராமத்து ஏரிகளின் உபரிநீரே அடையாறாகச் செல்கிறது. பட்டணத்து ஆற்றங்கரையின் கதி கிராமத்து வாய்க்காலிலேயே தொடங்குகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர்களாகிய நீங்கள் மனங்கொள்ளவேண்டிய சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவதாக, உங்கள் ஊர் எல்லையிலுள்ள ஆறு, ஓடை, வாரி, ஏரி ஆகியவற்றின் புறம்போக்கு எவ்வளவு என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள பதிவேட்டின்படி அறிந்து, அளந்து, எல்லைக்கல் நடச் செய்யுங்கள். வறண்டு கிடக்கும் நிலமெல்லாம் வீண்நிலம் அன்று. பத்து ஆண்டுகளில் ஒருநாள் வரும் வெள்ளத்துக்காக ஒதுக்கிய நிலம் அது.

இரண்டாவதாக, அந்நிலத்தைப் பற்றிய யோசனை எதுவாயினும் அது கிராமசபையில் பேசப்படட்டும். வலென்சியா மக்கள் வாய்திறக்காதிருந்தால் அவர்கள் படுகை இன்று தார்ச்சாலையாக இருந்திருக்கும். கேட்பாரற்ற பொதுநிலம் நெடுநாள் பொதுநிலமாக இருப்பதில்லை.

மூன்றாவதாக, கரையில் பசுமை வளருங்கள். படுகையில் கட்டடம் எழுப்பாதீர்கள். நீர்மருது, நாவல், புங்கு, இலுப்பை, பனை ஆகியவை நம் கரைகளுக்குப் பழகியவை. நொச்சியும் வெட்டிவேரும் கரைமண்ணைப் பிடித்து நிறுத்தும். நடைபாதையும் பிள்ளைகளின் விளையாட்டிடமும் வைக்கலாம். வெள்ளம் வந்தால் மூழ்கி எழக்கூடியதாக அவை இருக்கட்டும். சமுதாயக்கூடம், கடை, குடியிருப்பு ஆகியவற்றுக்கு மேட்டுநிலம் பாருங்கள்.

நான்காவதாக, உங்கள் ஊரைக் காக்கத் தண்ணீரைத் திருப்பும்போது அது எந்த ஊருக்குப் போகும் என்று கேளுங்கள். மேலூரும் கீழூரும் ஓர் இடத்தில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். நிலம் இழப்பவர் எவரோ, அவர் சொல்லை முதலிற் கேளுங்கள். நகரத்தின் நன்மைக்காக நிலம் கொடுப்பவர் உழவராயின், அந்நன்மையில் அவருக்குரிய பங்கு வேலை தொடங்குமுன்னரே எழுத்தில் இருக்கவேண்டும்.

ஐந்தாவதாக, மழை நம் ஊரில் பெய்யாவிட்டாலும் வெள்ளம் வரக்கூடும் என்பதை மறவாதீர்கள். மேலே உள்ள ஏரி நிரம்பினால் யார் யாருக்குச் சொல்வது, தண்டோராவா, ஒலிபெருக்கியா, கைபேசியா, முதியோரையும் பிள்ளைகளையும் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போவது என்பதை ஐப்பசி பிறப்பதற்கு முன்பே தீர்மானம் செய்து வையுங்கள்.

அன்பர்களே! தூரியாவின் நீரை ஆண்டவர்கள் மன்னர்கள் அல்லர். தேவாலய வாயிலில் கூடிய உழவர்கள். அதன் வறண்ட படுகையைக் காப்பாற்றியவர்களும் சாதாரண குடிமக்களே. அவர்களுக்கு இருந்த உரிமை நமக்கும் உண்டு. அவர்கள் தவறவிட்ட எச்சரிக்கையும் நம் முன் இருக்கிறது. நம் ஆற்றங்கரைகளை ஊரார் சொத்தாகப் பேணுவோம். ஆற்றுக்கு உரிய இடத்தை ஆற்றுக்கு விட்டு, மிஞ்சிய இடத்தில் நிழல் வளர்த்து, நம் பிள்ளைகளிடம் ஒப்படைப்போம்.