சிவப்புப் பலகையும் புசல்லாவைத் தோட்டமும்



கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பாதையில் புசல்லாவையைக் கடந்தவர்களுக்கு ரொத்சைல்ட் தோட்டம் புதிதல்ல. நமது தோட்டங்களின் ஆங்கிலப் பெயர்களிற் பல ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவை. நானுஓயாவில் எடின்பரோ, தலவாக்கலையில் ஹோலிரூட், பூண்டுலோயாவில் டன்சினன். இவற்றில் டன்சினன், ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில் வரும் குன்றின் பெயர். காட்டை வெட்டிய துரைமார் தம் ஊர் நினைவை மலைகளின் மேல் எழுதிவிட்டுப் போனார்கள். ஆனால் ரொத்சைல்ட் ஊர்ப் பெயரல்ல; ஒரு ஜெர்மன் குடும்பப் பெயர். அந்தப் பெயரின் பிறப்பையும் பயணத்தையும் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஆங்கிலம் படித்தவர்கள் சிலர் இதில் 'சைல்ட்', அதாவது குழந்தை, இருப்பதாக எண்ணுவதுண்டு. அது சரியல்ல. ஜெர்மன் மொழியில் இதனை 'ரோட்ஷில்ட்' என்பார்கள். 'ரோட்' என்றால் சிவப்பு. 'ஷில்ட்' என்ற சொல் கேடயத்தையும் குறிக்கும், வாசலில் தொங்கும் பெயர்ப் பலகையையும் குறிக்கும். ஆகவே சிவப்புக் கேடயம், அல்லது சிவப்புப் பலகை. குழந்தைக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் 1462ஆம் ஆண்டு யூத மக்களை ஒரு ஒடுங்கிய தெருவுக்குள் குடியேற்றினார்கள். இரவில் அந்தத் தெருவின் வாயில்கள் பூட்டப்படும். ஞாயிற்றுக்கிழமையிலும் கிறிஸ்தவத் திருநாட்களிலும் அப்படியே. உள்ளே நெருக்கமாக வீடுகள். வீடுகளுக்கு இலக்கம் கிடையாது. அதனால் ஒவ்வொரு வாசலிலும் ஓர் அடையாளம் வைத்தார்கள். ஒரு வீட்டுக்குக் கப்பல், இன்னொன்றுக்குக் கழுகு, மற்றொன்றுக்குச் சிவப்புக் கேடயம். கப்பல் வீட்டார் 'ஷிஃப்' ஆனார்கள். கழுகு வீட்டார் 'ஆட்லர்' ஆனார்கள். பதினாறாம் நூற்றாண்டில் சிவப்புக் கேடய வீட்டில் வாழ்ந்த ஐசக் எல்கனான் என்பவரின் வழியினர் ரொத்சைல்ட் ஆனார்கள். பின்னர் அக்குடும்பம் வேறு வீட்டுக்கு மாறியது. பெயர் மட்டும் மாறவில்லை. வங்கித் தொழிலில் அந்தப் பெயரை நாட்டிய மாயர் ஆம்ஷெல் ரொத்சைல்ட் 1744இல் பிறந்தவர். அவர் பிற்காலத்தில் வாங்கி வாழ்ந்த வீடு பச்சைக் கேடய வீடு! ஆனாலும் அவர் சிவப்புக் கேடயக்காரராகவே 1812இல் மறைந்தார்.

இதே வகையில் பிறந்த இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். 'ஷ்வார்ட்ஸ்ஷில்ட்' என்றால் கறுப்புக் கேடயம். 1873இல் அதே பிராங்க்பர்ட் நகரில் பிறந்த கார்ல் ஷ்வார்ட்ஸ்ஷில்ட் என்ற விஞ்ஞானி 1916இல் வெளியிட்ட கணிதமே பின்னாளில் கருந்துளை பற்றிய ஆராய்ச்சிக்கு அடிப்படையாயிற்று. கறுப்புக் கேடயக்காரரும் கருந்துளையும் சந்தித்துக்கொண்டது ஒரு வேடிக்கையான பொருத்தம்.

மாயரின் ஐந்து புதல்வர்கள் பிராங்க்பர்ட், லண்டன், பாரிஸ், வியன்னா, நேப்பிள்ஸ் ஆகிய ஐந்து நகரங்களில் தொழில் நடத்தினார்கள். பெயர் பணத்தின் மறுபெயராயிற்று. நாம் குபேரன் என்று சொல்லும் இடத்தில் ஐரோப்பாவின் ஏழை யூதன் ரொத்சைல்ட் என்றான். ஷோலெம் அலெய்ச்செம் என்ற இத்திஷ் மொழி எழுத்தாளர், தான் ரொத்சைல்டாக இருந்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்று கனவு காணும் ஓர் ஏழை ஆசிரியனைப் படைத்தார். செக்கோவ் 1894இல் எழுதிய 'ரொத்சைல்டின் பிடில்' என்ற கதையில் வரும் ரொத்சைல்ட், கல்யாண வீடுகளில் குழல் வாசித்துப் பிழைக்கும் ஒரு பரம ஏழை. பெயர் ஒன்றுதான், அதைத் தாங்கியவர்களின் தலையெழுத்து வேறு வேறு.

இனி இந்தப் பெயர் நமது மலைக்கு வந்த கதை. மாயரின் மகள் ஒருத்தி 1795இல் வோம்ஸ் என்ற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். வோம்ஸ் என்பதும் ரைன் நதிக்கரையிலுள்ள ஒரு பழைய நகரத்தின் பெயரே. அவளது பிள்ளைகளில் இருவர், கேப்ரியல் டி வோம்ஸும் மொரிஸ் டி வோம்ஸும், 1840களின் தொடக்கத்தில் புசல்லாவையில் காடு வெட்டிக் கோப்பி பயிரிட்டார்கள். தோட்டத்துக்குத் தகப்பன் வழிப் பெயரை அவர்கள் வைக்கவில்லை. தாய்மாமன்மாரின் பெயரை வைத்தார்கள். தாய்மாமன் உறவின் அருமை தெரிந்த நமக்கு இது விளங்காத செய்தியல்ல. மொரிஸ் 1841இல் சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகள் கொண்டுவந்து அங்கே நட்டுப் பார்த்தார். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைப் பெருந்தோட்டப் பயிராக்கிய 1867ஆம் ஆண்டுக்கு அது இருபத்தாறு ஆண்டுகள் முந்தியது. 1865இல் சகோதரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனார்கள். பெயர் போகவில்லை.

இவ்வளவையும் நாம் அறிய முடிவதற்குக் காரணம் என்ன? ஒரு வாசற் பலகை பெயராயிற்று. அந்தப் பெயரை யாரோ தொடர்ந்து எழுதி வைத்தார்கள். அந்தக் காட்டை வெட்டி, அந்தக் கன்றுகளைச் சுமந்து, குழிவெட்டி நட்ட கைகள் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த நம்மவரின் கைகள். அவர்களில் ஒருவருடைய பெயரையாவது நாம் சொல்ல முடியுமா? 1901 அளவில் தகர டிக்கட் முறை வந்தபோதும் அதில் தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமுமே அடிக்கப்பட்டன. பெயருக்கு இடமில்லை.

நமது தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் ஒன்று உண்டு. பேர் என்றால் ஒருநாட் சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். ஒரு மனிதனின் பெயரை இரண்டாக வெட்டி, பாதியை மட்டும் செக்ரோலில் பதிகிற வழக்கம் வேறெங்கும் உண்டா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. அது குறையல்ல, நமது வழக்கம். குறை எங்கே என்றால், அந்த ஒரு பெயரையும் சரியாக எழுதாததில். கங்காணி சொன்னதைக் கணக்கப்பிள்ளை ஒருவிதமாக எழுதினார். பதிவுகாரர் சிங்களத்தில் இன்னொரு விதமாக எழுதினார். ஆங்கிலத்தில் அது மூன்றாவது பெயராயிற்று. முத்தாயி முத்தையாவானாள். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் பிரஜாவுரிமை கேட்டவர்கள், மணமானவராயின் ஏழு ஆண்டும் மணமாகாதவராயின் பத்து ஆண்டும் இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. மூன்று தாளில் மூன்று பெயர் உள்ள ஒருவர் எதை வைத்து நிரூபிப்பது? 2003ஆம் ஆண்டின் சட்டம் நாடற்றவர் என்ற சொல்லைத் துடைத்தது. எழுத்துப் பிழைகளை அது துடைக்கவில்லை. சேமலாப நிதி எடுக்கப் போகும் முதியவர்கள் சத்தியக் கடதாசியோடு அலைவதை நான் கண்டிருக்கிறேன். எனது தகப்பனார் பெயரே இரண்டு சான்றிதழ்களில் இரண்டு விதம்.

இன்னொன்றும் உண்டு. இலக்கமில்லாத அந்தப் பிராங்க்பர்ட் தெருவின் வீடுகள் வாசலில் ஓர் அடையாளமாவது வைத்திருந்தன. நமது லயக் காம்பராக்களிற் பலவற்றுக்கு இன்னமும் தனி விலாசம் இல்லை. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வருகிறது. நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் திகதி கழிந்து கைக்கு வந்தால் அந்தப் பிள்ளை யாரிடம் போய் முறையிடுவது? ஒரு வீட்டின் அடையாளத்தைப் பெயராகக் கொண்ட தோட்டம் நம்மிடம் இருக்கிறது. வீட்டுக்கு அடையாளமில்லாத மக்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஆகவே நேயர்களே, இரண்டு வேலைகள் நம் கையில் உள்ளன. ஒன்று, ஒவ்வொரு காம்பராவுக்கும் ஓர் இலக்கமும் விலாசமும் கேட்டுப் பெறுவது. மற்றது அதைவிட எளியது. வீட்டிலுள்ள அப்பாயியையும் அம்மாயியையும் பக்கத்தில் இருத்தி, அவர்களுடைய தாய் தகப்பன் பெயர்களையும், வந்த ஊரையும், வேலை செய்த தோட்டங்களையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுத்துக் கூட்டிச் சரியாக எழுதுங்கள். பிறக்கும் பிள்ளையின் பெயரைப் பதியும்போது மூன்று மொழியிலும் வாசித்துப் பார்த்த பிறகே கையொப்பமிடுங்கள். சிவப்புப் பலகை நானூறு ஆண்டுகள் நிலைத்ததற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. வீடு மாறியபோதும் பெயரை மாற்றாமல் எழுதி வந்ததுமாகும்.