ஜிமேட்டா, ஜி.ஆர்.இ.யா? பாதியில் மாறலாமா?

(கல்விக் குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேற்படிப்பு பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அது சமுத்திரம். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் சில வருஷங்களாகப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அதில் என்னிடம் அதிகமாக வரும் கேள்வியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். "பையன் மூணு மாசமா ஜிமேட்டுக்குப் படிக்கிறான், மார்க் ஏறவே இல்லை. ஜி.ஆர்.இ.க்கு மாத்திடலாமா?" சில வீடுகளில் இதே கேள்வி தலைகீழாக வரும். (கேட் பற்றி இன்று பேசவில்லை. ஐ.ஐ.எம்.முக்கு ஒரு கேட், ஐ.ஐ.டி. எம்.டெக்குக்கு ஒரு கேட். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரிகிற குழப்பமே நமக்குப் போதும்.)

இப்படிக் கேட்பவர்களிடம் நான் முதலில் மார்க்கைக் கேட்பதில்லை. எந்தெந்தக் கல்லூரி, எந்தெந்தப் படிப்பு என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டு வரச் சொல்வேன். பாதிப் பேர் அங்கேயே தயங்குவார்கள். எம்.பி.ஏ. மட்டும்தான் என்றால் இன்று அநேகமாக எல்லாப் பெரிய கல்லூரிகளும் இரண்டு தேர்வையும் ஏற்கின்றன. ஹைதராபாதில் உள்ள ஐ.எஸ்.பி.யும் அப்படியே, அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் ஓராண்டுப் படிப்பான பி.ஜி.பி.எக்ஸ்.சும் அப்படியே. ஆனால் அதே காகிதத்தில் எம்.எஸ். இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங் என்று ஒரு வரி இருந்தாலும் விஷயம் வேறு. ஜிமேட் மேலாண்மைக் கல்லூரிகளுக்கென்றே வைத்த தேர்வு. பொறியியல், விஞ்ஞானத் துறைகள் மார்க் கேட்டால் ஜி.ஆர்.இ.யைத்தான் கேட்கும். அந்தத் துறைகளிலும் பல 2020-க்குப் பிறகு மார்க் கேட்பதையே விட்டுவிட்டன. அப்படிப்பட்ட இடங்கள் மட்டும்தான் பட்டியலில் இருக்கின்றன என்றால் எந்தத் தேர்வும் வேண்டாம்.

அடுத்தது, மார்க் உண்மையிலேயே குறைவுதானா என்பது. ஜிமேட் 2023 நவம்பரில் புது வடிவத்துக்கு வந்தது. பழைய வடிவம் 2024 ஜனவரி 31-டன் நின்றுபோனது. முன்பு 200 முதல் 800 வரை. இப்போது 205 முதல் 805 வரை. எல்லா மொத்த மதிப்பெண்ணும் 5-இல் முடியும். எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். இன்றைய 645 ஏறக்குறைய அன்றைய 700-க்குச் சமம். 2010-இல் எழுதிய சித்தப்பா "நான் 700 வாங்கினேனே, இவன் 645-இல் நிற்கிறானே" என்று சொல்ல, அந்த ஒரு வார்த்தையில் பையன் புத்தகத்தை மூடிவிட்ட வீட்டை நான் பார்த்திருக்கிறேன். பையன் சித்தப்பாவுக்குச் சமமாகத்தான் வாங்கியிருந்தான்!

இப்போது தேர்வுக்குள் போவோம். ஜிமேட்டில் மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம். கணிதத்தில் 21 கேள்வி, மொழிப் பகுதியில் 23, அட்டவணை, வரைபடம் முதலியவற்றைப் படித்து முடிவு சொல்லும் டேட்டா இன்சைட்ஸில் 20. மூன்றுக்கும் சம எடை. ஜி.ஆர்.இ. 2023 செப்டம்பர் 22-இலிருந்து 1 மணி 58 நிமிடமாகச் சுருங்கிவிட்டது. ஒரு கட்டுரை, மொழியில் 27 கேள்வி, கணிதத்தில் 27 கேள்வி. மொழிக்கும் கணிதத்துக்கும் தனித்தனியே 130 முதல் 170 வரை மார்க்.

"ஜி.ஆர்.இ. கணக்கு சுலபம், கால்குலேட்டர் வேறு தருகிறார்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள். கால்குலேட்டர் தருவது வாஸ்தவம். ஜிமேட் கணிதப் பகுதியில் அது கிடையாது, டேட்டா இன்சைட்ஸில் மட்டும் உண்டு. ஆனால் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜி.ஆர்.இ.யில் 27 கணக்குக்கு 47 நிமிடம், அதாவது ஒன்றுக்கு ஒன்றே முக்கால் நிமிடம்கூட இல்லை. ஜிமேட்டில் இரண்டு நிமிடத்துக்கு மேல். நேரம் போதாமல் தவிக்கிற பிள்ளை ஜி.ஆர்.இ.க்குப் போனால் அங்கும் தவிக்கும். ஜிமேட் கணக்கில் ஜியோமிதி இப்போது இல்லை, ஜி.ஆர்.இ.யில் உண்டு. பத்தாம் வகுப்போடு வட்டத்தையும் முக்கோணத்தையும் மறந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மொழியிலோ வித்தியாசம் இன்னும் பெரிது. ஜி.ஆர்.இ.யில் கோடிட்ட இடத்தை நிரப்ப அபூர்வமான ஆங்கிலச் சொற்கள் தெரிய வேண்டும், அது பத்து நாளில் வராது. ஜிமேட்டில் இப்போது இலக்கணத் திருத்தக் கேள்வியும் இல்லை; பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வது, வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது, இவ்வளவுதான்.

போன வருஷம் நம் உறுப்பினர் ஒருவர் நாக்பூரிலிருந்து போன் செய்தார். பெண் புனேயில் வேலை பார்க்கிறாள், சி.ஏ. முடித்தவள். ஜிமேட் மாதிரித் தேர்வில் மூன்று தடவையும் 555-ஐ ஒட்டியே மார்க். "கோச்சிங்குக்கு நாற்பதாயிரம் கட்டியாச்சு சார், இவ ஜி.ஆர்.இ.ங்கறா. ஆத்துல தினம் சண்டை. நான் சொன்னா அவ கேக்கறதில்லை, அவ சொல்றது எனக்குப் புரியறதில்லை" என்றார். குரலில் கோபத்தைவிட பயம்தான் அதிகம். கடன் வாங்கிப் படிக்க வைக்கப் போகிறவர்.

பகுதி மார்க்கை அனுப்பச் சொன்னேன். கணிதம் 78, மொழி 82, டேட்டா இன்சைட்ஸ் 73. அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்று: "அம்மா, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஜி.ஆர்.இ. நடத்துகிற ஈ.டி.எஸ். நிறுவனமே இலவசமாகத் தருகிற மாதிரித் தேர்வை, ஒன்றும் படிக்காமல் எழுதிப் பார்." எழுதினாள். கணிதம் 157, மொழி 151. ஜிமேட் மொழிப் பகுதியில் நன்றாக நின்றவள், இங்கே சொற்களில் சறுக்கிவிட்டாள். அதோடு டேட்டா இன்சைட்ஸில் கடைசி ஐந்து கேள்விகளை ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருக்கிறாள் என்பதும் பேச்சுவாக்கில் வெளிவந்தது. முதல் பத்திலேயே நேரம் முழுக்கக் கரைந்துவிடுகிறது. ஆடிட் பழக்கம், ஒவ்வோர் எண்ணையும் இரண்டு தடவை சரிபார்க்கிறாள்! அதை மாற்ற ஆறு வாரம் ஆயிற்று. கடைசியில் 80, 83, 79, மொத்தம் 615. தேர்வை மாற்றவில்லை.

மாறியே ஆக வேண்டியவர்களும் உண்டு. ஹைதராபாதில் ஒரு பையன். பட்டியலில் ஆறில் நாலு எம்.எஸ். அவன் ஜிமேட் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஒரே நாளில் முடிவு செய்துவிட்டோம்.

என் அபிப்பிராயத்தில், புதுத் தேர்வுக்கு எட்டு வாரமாவது கையில் இல்லாவிட்டால் மாறக் கூடாது. அமெரிக்கக் கல்லூரிகளில் எம்.பி.ஏ.க்கு முதல் சுற்று செப்டம்பரிலும் இரண்டாவது சுற்று ஜனவரி தொடக்கத்திலும் பெரும்பாலும் முடிகிறது. நவராத்திரி சமயத்தில் மாறலாம். மார்கழி பிறந்தபின் மாறுவது அந்த வருஷத்துக்கு உதவாது. கோச்சிங்குக்குக் கட்டிய பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். எந்தத் தேர்வு எழுதினாலும் அது திரும்பி வராது. எழுதிக் குறைந்த மார்க் வந்துவிட்டதே என்ற கவலையும் வேண்டாம். எந்த மார்க்கைக் கல்லூரிக்கு அனுப்புவது என்பது இரண்டிலும் நம் கையில். இரண்டின் மார்க்கும் ஐந்து வருஷம் செல்லும்.

கடைசியாக, மாறுகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். இரண்டையும் நடத்துவது வேறு வேறு அமைப்புகள், ஆகவே புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். அப்போது பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள். நம்மில் பலருக்குப் பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, சிலருக்கு ஊர்ப் பெயரும் சேர்ந்து இருக்கும். தேர்வு மைய வாசலில் நின்றுகொண்டு, ஆர். என்றால் ராமசுப்ரமணியன் என்று எடுத்துச் சொல்லிப் பிரயோஜனமில்லை. பாஸ்போர்ட்டையே திருத்த வேண்டியிருந்தால் முதலில் அதற்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, பிறகு தேர்வுத் தேதியை வாங்குங்கள்.