விருதுநகர் மேடையும் டில்லிக் கருவூலமும்



அமெரிக்கக் குடியரசின் முதல் நிதியமைச்சர் யாரென்று கேளுங்கள். கற்றவர் பலர் 'அலெக்சாண்டர் ஹாமில்டன்' என்று கணீரெனக் கூறுவர். விடுதலைப் போர் மூண்டதால் கல்லூரியைப் பாதியிலே துறந்தவர். பின்னர்ச் சட்டம் பயின்று வழக்கறிஞரானவர். 1789-இல், கடன் நிறைந்த நாட்டின் கருவூலத்தைக் கையேற்றவர். (கல்லூரியைப் பாதியில் விட்டவன்தான் நானும். ஒற்றுமை அத்துடன் முடிந்தது!)

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சர் யார்? கோவையிலே பிறந்து, சட்டம் பயின்ற தமிழர் ஆர்.கே. சண்முகம். அவர் இந்த விருதுநகரிலே, 1931-இல், சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாவது மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கினாரே, அதை எத்தனை பேர் அறிவர்?

எண்ணிப் பாருங்கள்! வெயில் காய்ந்த கரிசல் மண். வாணிபத்திலே வளம் கண்டும், கோயில் வாயிலிலே 'எட்டி நில்' என்ற ஏச்சைக் கேட்ட நாடார் பெருமக்கள். கமுதிக் கோயில் வழக்கிலே, 1908-இல், இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றும் கதவு திறக்கவில்லை. சட்டமே தாழிட்ட கதவு! அப்படிப்பட்ட வட்டாரத்திலே, வைதிகத்தை எதிர்த்த மாநாட்டுத் தலைமை நாற்காலியிலே வந்தமர்ந்தவர், டில்லிச் சட்டசபையின் துணைத்தலைவர். பதவிக்குப் பங்கம் வருமென்று அவர் பதுங்கவில்லை.

பிறகு அச்சபைக்கே தலைவரானார், கொச்சியின் திவானானார், 1944-இல் அமெரிக்காவின் பிரெட்டன்வுட்ஸ் மாநாட்டுக்கு இந்தியக் குழுவிலே சென்றார்.

வந்தது 1947. காங்கிரசை எதிர்த்து 1934 தேர்தலிலே தோற்றவர் அவர். ஆயினும், கணக்கேட்டைப் பிரிக்கும் வேளை வந்ததும் அவரைத்தான் அழைத்தனர்! 'நம்மவருக்கு நிர்வாகம் தெரியுமா?' என்று நகைத்தவர்கள் அன்று எங்கே போயினரோ! நவம்பர் 26-இல் அவர் படித்தது ஏழரை மாதக் கணக்கு. வருவாய் 171 கோடி. செலவு 197 கோடி. அதிலே 92 கோடிக்கு மேல் பாதுகாப்புக்கு. நாடு பிளவுண்ட குருதி காயவில்லை, அகதிகள் அலையலையாய் வருகின்றனர். அந்த நிலையிலே போட்ட கணக்கு அது.

1948 ஆகஸ்டிலே பதவி விலகினார். வருமானவரி விசாரணைப் பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டதாக எழுந்த சர்ச்சையே காரணம். நம்மவர் என்பதற்காக அதை மறைக்கமாட்டேன். மறைத்தால் சுயமரியாதை பேச எனக்கென்ன தகுதி? ஹாமில்டன் 1804-இல் துப்பாக்கிச் சண்டையிலே மாண்டார். சண்முகமோ தமிழிசையும் சிலப்பதிகாரமுமாய்த் திளைத்து, 1953-இல் மறைந்தார்.

இவ்வூர்ப் படிப்பகத்துச் சுவரிலே அந்த 1931 மாநாட்டையும் அதன் தலைவர் பெயரையும் எழுதி வையுங்கள், தோழர்களே. வண்ணச் செலவு என்னுடையது.