வலிக்காத பல்லுக்கும் வைத்தியம் வேண்டும்



பல் டாக்டரிடம் எப்போது போக வேண்டும்? யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "பல் வலித்தால் போக வேண்டும்."

வலித்தால் போக வேண்டியதுதான். ஆனால் வலிக்காமலே பல் கெட்டுப் போகும். வலிக்காமலே ஆடும். வலிக்காமலே விழும். அப்படி விழுந்த பற்கள் நம் நாட்டில் ஏராளம். அந்தப் பற்களில் பலவற்றைக் காப்பாற்றி இருக்கலாம். எப்படி? அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

முறுக்கு சுடும் குடும்பம்

மும்பையில் தாராவி என்று ஓர் இடம். அங்கே திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து போன தமிழர்கள் பல தலைமுறையாக வாழ்கிறார்கள். அங்கே ஒரு குடும்பம் இருப்பதாக நினைத்துக் கொள்வோம். முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுகிற குடும்பம். மாமியார், மகன், மருமகள், பேரன் என்று நான்கு பேர்.

மாமியாருக்கு வயது 52. முறுக்கு சுடுவதில் கெட்டிக்காரி. முன்பெல்லாம் முதல் ஈட்டில் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்துப் பார்ப்பார். "பதம் சரி" என்பார். பிறகுதான் மற்றதைப் போடுவார்கள். இப்போது அவர் கடிப்பதில்லை. கையால் ஒடித்து, காதருகே வைத்துச் சத்தம் கேட்கிறார். அவருக்கு மேல் பற்களில் பாதிக்கு மேல் இல்லை. கீழ்ப் பற்களும் ஆடுகின்றன. ஊருக்கே முறுக்கு சுடுகிறவர், தான் சுட்ட முறுக்கைத் தின்ன முடியவில்லை. சோற்றையும் குழையப் பிசைந்துதான் விழுங்குகிறார்.

விழுந்த பற்களில் ஒன்றில்கூடச் சொத்தை இல்லை. எல்லாம் முழுப் பற்கள். ஆடி ஆடித் தானாக விழுந்தவை.

மருமகளுக்கு வயது 26. ஒரு நாள் பல் தேய்க்கும்போது பிரஷில் ரத்தம் வந்தது. மறுநாளும் வந்தது. பயந்து போய் மாமியாரிடம் காட்டினாள்.

"அத்தை, ஈறில் ரத்தம் வருது."

"பிரஷ் போட்டுக் குத்துனா வராம என்ன செய்யும்? எனக்குப் பல்லு விழுந்துச்சே தவிர ஒரு நாளும் ரத்தம் வந்ததில்லை. நான் தேய்க்கிற மிஸ்ரியைத் தேய். எல்லாம் நின்னுடும்."

மிஸ்ரி என்பது வறுத்துப் பொடித்த புகையிலை. கறுப்பாக இருக்கும். மராட்டிய மாநிலத்தில் பல பெண்கள் அதை விரலில் தொட்டுப் பல் தேய்க்கிறார்கள். தாராவிக்குப் போன மாமியாரும் அக்கம்பக்கத்தாரைப் பார்த்துப் பழகி விட்டார்.

மருமகள் யோசித்தாள். 'அத்தைக்கு ரத்தம் வரவில்லை. ஆனால் பல் போய்விட்டது. எனக்கு ரத்தம் வருகிறது. அப்படியானால் எது நல்லது?'

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் பல்லைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து கொள்ள வேண்டும்.

பல்லில் படியும் காரை

வளர்ந்தவருக்கு மொத்தம் 32 பற்கள். வெளியே தெரிவது பல்லின் தலை மட்டும்தான். வேர் உள்ளே தாடை எலும்பில் இருக்கிறது. அதைச் சுற்றி ஈறு மூடி இருக்கிறது. எலும்பும் ஈறும் சேர்ந்துதான் பல்லைப் பிடித்துக் கொண்டிருக்கின்றன.

நாம் சாப்பிடுகிறோம். வாயில் கிருமிகள் இருக்கின்றன. பல் தேய்த்த சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் பிசுபிசுப்பான ஒரு படலம் படியத் தொடங்கும். அந்தப் படலம் முழுவதும் கிருமிகள். நாவால் தடவினால் வழவழ என்று தெரியும். இதைப் பிரஷால் தேய்த்து எடுத்து விடலாம்.

எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? உப்புத் தண்ணீர் காய்ச்சும் பானையைப் பார்த்திருப்பீர்கள். நாளாக நாளாகப் பானையின் உள்ளே வெள்ளையாகக் கெட்டிப் படிவு ஏறி விடும். கையால் தேய்த்தால் போகாது. வாயிலும் அப்படித்தான். எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அந்தப் படலத்தில் சேரும். சில நாட்களில் படலம் கெட்டியாகும். கல்லைப் போல் ஆகி விடும். இதைத்தான் காரை என்கிறோம்.

காரை பெரும்பாலும் கீழ் முன் பற்களின் உள்பக்கம் படியும். மேல் கடைவாய்ப் பற்களின் வெளிப்பக்கமும் படியும். எச்சில் சுரந்து வரும் வாசல்கள் அந்த இடங்களுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் காரணம். நாவின் நுனியைக் கீழ்ப் பற்களின் பின்னால் வைத்துப் பாருங்கள். சொரசொரப்பாக இருக்கிறதா? அது காரையாக இருக்கலாம்.

காரையைப் பிரஷால் எடுக்க முடியாது. எந்தப் பற்பசையாலும் எடுக்க முடியாது. வேப்பங்குச்சியாலும் எடுக்க முடியாது. கரியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தால் காரை போகாது, பல்தான் தேயும். கருவி கொண்டு பல் மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

கரையோரத் தென்னை

காரை ஈறை ஒட்டியே இருக்கும். அதன் மேல் மேலும் கிருமிகள் சேரும். ஈறு சிவக்கும், வீங்கும். தொட்டால் ரத்தம் வரும். வாய் நாறும். இது முதல் கட்டம். இந்தக் கட்டத்தில் காரையை எடுத்து விட்டு, ஒழுங்காகப் பல் தேய்த்தால் ஈறு பழையபடி ஆகி விடும்.

விட்டு விட்டால் காரை ஈறுக்குக் கீழே இறங்கும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை போல ஓர் இடைவெளி உண்டாகும். எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஆற்றங்கரைத் தென்னையைப் பாருங்கள். மரத்தில் ஒரு குறையும் இராது. ஆனால் வேர்ப்பக்கம் மண் அரித்துக் கொண்டே போகும். ஒரு நாள் மரம் சாயும். மாமியாரின் பற்கள் அப்படித்தான் விழுந்தன. கரைந்த எலும்பு தானாக மறுபடி வளர்வதில்லை.

இவ்வளவு நடந்தும் பெரும்பாலும் வலி இராது. அதுதான் இந்த நோயின் சூது.

சரி, மாமியாருக்கு ஏன் ரத்தம் வரவில்லை? புகையிலைதான் காரணம். புகையிலை ஈறில் உள்ள ரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்யும். உள்ளே நோய் இருந்தாலும் வெளியே ரத்தம் அதிகம் வராது. வீட்டில் திருடன் புகுந்தால் நாய் குரைக்க வேண்டும். புகையிலை அந்த நாயின் வாயைக் கட்டி விட்டது. மருமகளுக்கு நாய் குரைத்தது. அதனால் அவள் விழித்துக் கொண்டாள்.

1992ஆம் ஆண்டு மத்திய அரசு பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை சேர்க்கக் கூடாது என்று தடை செய்தது. ஆனாலும் மிஸ்ரி போன்ற பொடிகளைப் பல இடங்களில் இன்னும் பல்லில் தேய்க்கிறார்கள். புகையிலை ஈறை மட்டும் கெடுப்பதில்லை. வாய்ப் புற்றுநோயையும் கொண்டு வரும்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

மருமகள் அரசுப் பல் மருத்துவமனைக்குப் போனாள். போகும்போது மாமியாரையும் வற்புறுத்தி அழைத்துப் போனாள். அரை நாள் வேலை கெட்டது. மாமியார் வழியெல்லாம் முணுமுணுத்தார்.

முதலில் மருத்துவர் வாயைப் பார்த்தார். சிறு கண்ணாடியும் மெல்லிய கம்பியும் வைத்து ஒவ்வொரு பல்லாகச் சோதித்தார். சர்க்கரை நோய் உண்டா, இதய நோய் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

பிறகு சாய்வு நாற்காலியில் மருமகளைப் படுக்க வைத்தார். காரை எடுக்கும் கருவி பேனா அளவில் இருந்தது. அதன் நுனி ஒரு வினாடிக்கு 20,000 தடவைக்கும் மேல் அதிரும். அந்த அதிர்வில் காரை உடைந்து உதிரும். கூடவே தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். ஒரு குழாய் அந்தத் தண்ணீரை உறிஞ்சி எடுக்கும். 'கிர்' என்று சத்தம் வரும். கொஞ்சம் கூச்சம் இருக்கும். கொஞ்சம் ரத்தம் வரும். பயப்பட வேண்டியதில்லை. கடைசியில் பல்லை மெருகு போட்டு விடுவார்கள்.

மருமகளுக்கு அரை மணி நேரத்தில் முடிந்தது. மாமியாருக்குக் காரை ஆழத்தில் இருந்தது. மரத்துப் போக ஊசி போட்டு, இரண்டு மூன்று தடவையாக எடுக்க வேண்டும் என்றார் மருத்துவர்.

மக்கள் கேட்கும் கேள்விகள்

சுத்தம் செய்தால் பல் ஆட்டம் கண்டு விடுமாமே? இல்லை. எலும்பு கரைந்த பல் ஏற்கனவே ஆடும் பல்தான். சுற்றிலும் ஒட்டியிருந்த காரை அந்த ஆட்டத்தை மறைத்தது. காரை போனதும் ஆட்டம் தெரிகிறது. காரையை விட்டு வைத்தால் இன்னும் எலும்பு கரையும்.

பல்லுக்கு நடுவே சந்து விழுமாமே? அந்தச் சந்தில் இதுவரை காரை அடைத்திருந்தது. ஈறு வீக்கமும் அதை மூடி இருந்தது. புதிதாகச் சந்து எதுவும் விழவில்லை.

பல் தேய்ந்து போகுமா? பயிற்சி பெற்றவர் முறையாகச் செய்தால் பல் தேயாது. சிலருக்குச் சில நாட்கள் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். பிறகு சரியாகி விடும்.

எத்தனை மாதத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டும்? எல்லோருக்கும் ஒரே கணக்கு கிடையாது. சிலருக்குக் காரை சீக்கிரம் படியும். சர்க்கரை நோய் உள்ளவர்களும் புகையிலைப் பழக்கம் உள்ளவர்களும் அடிக்கடி காட்ட வேண்டும். ஈறு நல்லபடி இருப்பவர்களுக்கு அவ்வளவு அடிக்கடி தேவைப்படாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது வாயைக் காட்டுங்கள். காரை எடுக்க வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்வார்.

யார் முன்கூட்டியே சொல்ல வேண்டும்? இதய வால்வு நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் கட்டாயம் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் ஈறு வீங்குவது உண்டு. அப்போதும் மருத்துவரைப் பார்க்கலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இன்னொன்றும் தெரிந்து கொள்ள வேண்டும். சர்க்கரை கூடினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும்.

எங்கே போவது?

தெரு ஓரத்தில் கம்பி வைத்துப் பல் சுரண்டுகிறவர்களிடம் போகாதீர்கள். அமிலம் போட்டுப் பல்லை வெளுப்பாக்குகிறவர்களிடமும் போகாதீர்கள். பல் போகும். சுத்தம் இல்லாத கருவியால் வேறு நோயும் தொற்றும். படித்துப் பட்டம் பெற்று, பதிவு செய்து கொண்ட பல் மருத்துவரிடமே போங்கள்.

நம் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920ஆம் ஆண்டு கல்கத்தாவில் டாக்டர் ரபியுதீன் அகமது தொடங்கினார். இன்று பல மாநிலங்களில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மும்பையிலும் அரசுக் கல்லூரி ஒன்று இருக்கிறது. மாநகராட்சி நடத்தும் நாயர் பல் மருத்துவக் கல்லூரியும் அங்கே இருக்கிறது. கல்லூரிகளில் மாணவர்கள் ஆசிரியர்களின் மேற்பார்வையில் வைத்தியம் செய்வார்கள். தனியார் இடங்களைவிடச் செலவு மிகவும் குறைவு. பல மாவட்ட மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு. கூட்டம் இருக்கும். காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குவது நல்லது.

ஒன்றை மறக்கக் கூடாது. டாக்டர் காரையை எடுத்து விட்டார் என்று நாம் சும்மா இருக்க முடியாது. காலையிலும் இரவு படுக்கும் முன்பும் பல் தேய்க்க வேண்டும். மென்மையான பிரஷ் நல்லது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரஷை மாற்ற வேண்டும். ரத்தம் வருகிற இடத்தைத் தேய்க்காமல் விடக் கூடாது. அந்த இடத்தைத்தான் மெதுவாக, நன்றாகத் தேய்க்க வேண்டும்.

சீட்டில் இருந்த தேதி

இரண்டு வாரம் போனது. மருமகளுக்கு ரத்தம் வருவது நின்று விட்டது. மாமியார் மிஸ்ரி டப்பாவைத் தூக்கிப் போட்டாரா? உடனே போடவில்லை. பல வருடப் பழக்கம். முதலில் குறைத்தார். ஒரு நாள் பேரன் அந்த டப்பாவை எடுத்து விரலை விட்டான். அன்றுதான் அதைச் சாக்கடையில் கொட்டினார்.

மருத்துவமனையில் கொடுத்த சீட்டு மராட்டியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. ஆனால் அதில் இருந்த தேதியை மருமகளால் படிக்க முடிந்தது. அடுத்து வர வேண்டிய தேதி அது. சுவரில் இருந்த தமிழ் நாள்காட்டியில் அந்தத் தேதியைத் தேடி, சுற்றி ஒரு வட்டம் போட்டாள். பக்கத்தில் 'அத்தை பல்' என்று எழுதினாள்.

மாமியார் கேட்டார், "இருக்கிறது இன்னும் கொஞ்சம் பல்லுதான். இதுக்கு எதுக்கும்மா இத்தனை அலைச்சல்?"

மருமகள் சொன்னாள், "இருக்கிறதைக் காப்பாத்தத்தான் அத்தை. போனதைக் கட்டிக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரே. கட்டுப் பல்லுக்கும் பிடிச்சுக்க இந்தப் பல்லு வேணும்ல?"

மாமியார் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தேதியில், காலையிலேயே புடவை மாற்றிக் கொண்டு தயாராக இருந்தார்.

அன்பர்களே! சைக்கிளுக்கு எண்ணெய் போடுகிறோம். ஓடு பெயரும் முன்பே கூரையைப் பார்க்கிறோம். பல்லை மட்டும் வலி வரும் வரை பார்ப்பதில்லை. இன்று வீட்டுக்குப் போனதும் கண்ணாடி முன் நில்லுங்கள். உங்கள் ஈறைப் பாருங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களின் வாயையும் பாருங்கள். ஈறு சிவந்திருந்தால், காரை தெரிந்தால், ரத்தம் வந்தால் வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். புகையிலை போடுகிறவர்கள் இவை எதுவும் இல்லை என்றாலும் போய்க் காட்டுங்கள்.